நெல்லூர்க் காளையும் காஞ்சிப் பட்டும்

(காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர்களும் மாடு வளர்ப்போரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



தறிக் கூலியைப் பற்றிப் பேசுவார்கள் என்று எண்ணித்தான் உங்களில் பலர் வந்திருக்கிறீர்கள். இன்று மாட்டைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் முன்வரிசையில் இருக்கும் பெரியவர் ஒருவர் சிரித்துவிட்டார். "குழித்தறியில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு மாட்டுச் சந்தை எதற்கப்பா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதிலாகவே இந்தப் பேச்சு முழுவதையும் வைத்துக்கொள்ளலாம்.

நம் தெருக்களில் நெசவுக் குடும்பங்கள் பலவற்றில் ஒரு கறவை மாடு உண்டு. பாவு வராத நாளிலும் பால் காசு வரும். சுற்றுவட்டாரக் கிராமங்களிலோ மாடு இல்லாமல் விவசாயி இல்லை. அந்த மாட்டுக்குப் பால் விலை ஒன்று; கன்றின் விலை ஒன்று; கடைசியில் அது வற்றி, உழைத்து ஓய்ந்தபின் வரும் இறைச்சி விலையும் தோல் விலையும் ஒன்று. இந்தக் கடைசி விலையைப் பற்றி வெளிப்படையாகப் பேச நம் நாட்டில் பலர் கூசுகிறார்கள். உலகத்தில் அதை வைத்துத்தான் மிகப் பெரிய வியாபாரம் நடக்கிறது. அந்த வியாபாரத்தின் ரகசியம் என்ன, அதில் நம் பங்கு எங்கே போயிற்று என்பதைச் சற்று ஆராய்வோம்.

கடல் கடந்த காளை

பழைய சென்னை ராஜதானியில் நெல்லூர் ஜில்லா இருந்தது. 1953-ல் ஆந்திர ராஜ்யம் அமையும்வரை அது நம்மோடுதான் இருந்தது. நெல்லூர், ஓங்கோல், குண்டூர்ப் பக்கத்து விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக வளர்த்த வெள்ளை மாடு ஓங்கோல் மாடு. உயர்ந்த திமில், தொங்கும் தாடை, வெயிலைத் தாங்கும் தோல். உழவுக்கும் பாரம் இழுக்கவும் பாலுக்கும் அதை வளர்த்தார்கள். எந்தக் காளையை எந்தப் பசுவோடு சேர்ப்பது, எந்தக் கன்றைக் கழிப்பது என்ற அறிவு ஏட்டில் இருக்கவில்லை; அந்த ஏழை விவசாயிகளின் கண்ணிலும் கையிலும் இருந்தது.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இந்த மாடுகள் கப்பலேறி பிரேசில் நாட்டுக்குப் போயின. அங்கே இவற்றுக்கு வைத்த பெயரே "நெலோர்". நம் நெல்லூர்தான் அந்த உச்சரிப்பில் நெலோர் ஆயிற்று. 1960-களின் தொடக்கத்தில் கடைசித் தொகுதி போயிற்று. அதில் ஒரு காளைக்கு ஓங்கோலுக்குப் பக்கத்துக் கிராமமான கரவடியின் பெயரையே வைத்து "கர்வாடி" என்று அழைத்தார்கள். இன்று பிரேசிலின் பெயர்பெற்ற நெலோர் வம்சங்களில் பலவற்றின் மூதாதை அந்தக் காளை.

மொத்தத்தில் போனவை சில ஆயிரம் தலைதான். இன்று பிரேசிலில் 20 கோடிக்கும் மேற்பட்ட மாடுகள் இருக்கின்றன. அவற்றில் ஐந்தில் நான்கு பங்கு திமில் மாடுகள். அவற்றிலும் மிகப் பெரும்பகுதி நெலோர் ரத்தம். உலகத்திலேயே அதிகமாக மாட்டிறைச்சி ஏற்றுமதி செய்யும் நாடு பிரேசில். 2023-ல் அங்கே ஒரு நெலோர்ப் பசுவின் மூன்றில் ஒரு பங்கு உரிமை மட்டும் ஏலத்தில் விற்கப்பட்டது. அந்த ஏலத்தின்படி முழுப் பசுவின் மதிப்பு 2 கோடியே 10 லட்சம் ரெயால். நம் பணத்தில் சுமார் 35 கோடி ரூபாய்!

கரவடியில் மாடு மேய்த்தவனின் பேரன் இந்தச் செய்தியைப் படித்திருப்பானா? படித்திருந்தாலும் அவனுக்கு அதில் ஒரு காசு உண்டா?

பதிவேடு என்னும் ஆயுதம்

நம் மாடு அங்கே போய் எப்படி இவ்வளவு மதிப்புப் பெற்றது? மந்திரம் ஒன்றுமில்லை, தோழர்களே. பிரேசில் பண்ணைக்காரர்கள் 1938-ல் தங்கள் சங்கத்தின் மூலம் இனப் பதிவேடு ஒன்றைத் திறந்தார்கள். எந்தக் கன்றுக்கு எது தாய், எது தகப்பன், பிறந்தபோது என்ன எடை, பால்குடி மறந்தபோது என்ன எடை என்று எழுதிக்கொண்டே வந்தார்கள். எடை சீக்கிரம் ஏறும் காளையின் விந்தை உறையவைத்து நாடெங்கும் ஊசி போட்டார்கள். நல்ல பசுவின் கருவை எடுத்துச் சாதாரணப் பசுக்களின் வயிற்றில் வளர்த்தார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நெலோர் வளர்ப்போர் சங்கம், "இது புல் மேய்ந்த நெலோர் மாட்டின் இறைச்சி" என்று முத்திரையிட்டு விற்கும் திட்டத்தையும் கொண்டுவந்தது.

இது உயர்ந்த விஞ்ஞானம். இதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தப் பதிவேடு யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலமுள்ள பண்ணைக்காரர்களின் கையில் இருக்கிறது. இறைச்சிக் கூடத்தில் கத்தி பிடிக்கும் தொழிலாளியின் கையில் இல்லை. அவன் குளிர் அறையில் விரல் மரத்து நிற்கிறான். ஒரு மணி நாற்பது நிமிடக் குளிர் வேலைக்கு இருபது நிமிட ஓய்வு என்று இறைச்சிக் கூடங்களுக்கான பாதுகாப்பு விதியில் எழுதிவைக்க 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

முத்திரை எங்கே, லாபம் எங்கே?

அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே ஆங்கஸ் என்ற கறுப்பு மாட்டை வளர்ப்போரின் சங்கம் 1978-ல் "சர்ட்டிபைடு ஆங்கஸ் பீப்" என்ற முத்திரையைத் தொடங்கிற்று. அந்தச் சங்கம் மாட்டை வாங்குவதுமில்லை, இறைச்சியை விற்பதுமில்லை. தரத்தை மட்டும் வகுத்திருக்கிறது. கறுப்புத் தோல் மாடாக இருக்க வேண்டும், தசையில் கொழுப்பு இழையோட வேண்டும் என்று பத்து நிபந்தனைகள். அவற்றில் தேறினால் முத்திரை. முத்திரை வைத்த இறைச்சிக்குக் கடையில் அதிக விலை. தேறிய மாட்டை வளர்த்தவனுக்கும் கொஞ்சம் கூடுதல் கிடைக்கிறது. இதையும் மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். 1977-ல் அமெரிக்க மாட்டிறைச்சிச் சந்தையில் நான்கு பெரிய கம்பெனிகளின் பங்கு நூற்றுக்கு 25. 2021-ல் அது நூற்றுக்கு 80-க்கும் மேல் என்று அமெரிக்க ஜனாதிபதி மாளிகையே அறிவித்தது. மாட்டை வளர்ப்பவர்கள் லட்சக்கணக்கில்; வாங்குகிறவர்கள் நால்வர். முத்திரை எவ்வளவு அழகாக இருந்தாலும், வாங்குகிறவன் நால்வர் என்றால் விலையை அந்த நால்வர்தானே சொல்வார்கள்? தரத்துக்கு முத்திரை ஜவாப். பங்கீட்டுக்கு அது ஜவாப் இல்லை.

ஜப்பானில் கோபே என்னும் ஊர்ப் பெயரால் விற்கும் இறைச்சியைப் பாருங்கள். ஹியோகோ மாகாணத்தில் பிறந்து அங்கேயே வளர்ந்த தாஜிமா வம்சத்து மாடாக இருந்தால்தான் அந்தப் பெயர். 1983-ல் அதற்கென்று ஒரு சங்கம். ஒவ்வொரு மாட்டுக்கும் பத்து இலக்க எண். மனிதனுக்குக் கைரேகை எடுப்பதுபோல் கன்றுக்கு மூக்கு ரேகை. தங்கள் மாட்டினத்தின் விந்தும் கருவும் திருட்டுத்தனமாக வெளியே போகாமல் தடுக்க 2020-ல் சட்டமே இயற்றினார்கள். நம் நாட்டிலும் 2002-ல் பல்லுயிர்ச் சட்டம் வந்தது. அதற்கான தேசிய ஆணையம் சென்னையிலேயே இருக்கிறது. ஆனால் நெல்லூர்க் காளை கப்பலேறி நூறாண்டு கழிந்த பிறகு வந்த சட்டம் அது.

நம் கொட்டிலில் என்ன நடக்கிறது?

நம் தேசத்தின் கதை வேறு. 2019 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாடுகள் 19 கோடிக்கு மேல். எருமைகள் சுமார் 11 கோடி. ஏற்றுமதிக்கு அனுமதி எருமை இறைச்சிக்கு மட்டும். பசு, காளை, கன்று இறைச்சியை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை. 2023-24-ல் சுமார் 31,000 கோடி ரூபாய்க்கு எருமை இறைச்சி கப்பலேறிற்று. வியட்நாம், மலேசியா, எகிப்து, ஈராக் முதலிய நாடுகள் வாங்குகின்றன. அந்த எருமையை வளர்த்த பெண்ணின் ஊருக்கு அந்தப் பெட்டியில் பெயர் உண்டா? இல்லை. இறைச்சிக்கென்று பொறுக்கி வளர்த்த இனமும் இல்லை, பதிவேடும் இல்லை. பால் வற்றியதைத் தரகனிடம் தள்ளிவிடுகிறோம். அவன் சொன்னது விலை.

தமிழ்நாட்டில் காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர், புலிக்குளம், ஆலம்பாடி என்று ஐந்து மாட்டினங்களை சர்க்கார் பதிவு செய்திருக்கிறது. இவை உழைப்பு மாடுகள். காங்கேயம் பசு நாளொன்றுக்கு இரண்டு மூன்று லிட்டர்தான் கறக்கும். டிராக்டர் வந்தபின் ஏருக்கு வேலை குறைந்தது. வண்டிக்கு வேலை போயிற்று. 2012-க்கும் 2019-க்கும் இடையே நாடு முழுவதும் நாட்டு மாடுகள் நூற்றுக்கு ஆறு குறைந்தன; கலப்பின மாடுகள் நூற்றுக்கு இருபத்தாறுக்கு மேல் பெருகின.

2017 ஜனவரியில் மெரினாவில் இளைஞர்கள் திரண்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதன்பின் நாட்டு மாட்டுப் பெயருக்கு நகரத்தில் மவுசு ஏறிற்று. "ஏ2 பால்" என்று புட்டியில் எழுதி, சாதாரணப் பாலைப்போல் இரண்டு மடங்குக்கு மேலும் விலை வைத்து விற்கிறார்கள். 2024 ஆகஸ்டில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், உறைகளிலிருந்து இந்த "ஏ1, ஏ2" வாசகத்தை நீக்குங்கள் என்று உத்தரவிட்டது. ஒரு வாரம் முடிவதற்குள் அதே ஆணையம் உத்தரவை வாபஸ் வாங்கிக்கொண்டது! புட்டியின்மேல் எழுதும் ஓர் எழுத்துக்கு எவ்வளவு பலம் பாருங்கள்.

கிழட்டு மாட்டின் விலை

இனி, பலர் பேசக் கூசும் விஷயத்துக்கு வருவோம். போன கோடையில் எங்கள் ஊழியர்கள் இருவர் ஒரு வாரச் சந்தைக்குப் போயிருந்தார்கள். பதினான்கு வயதுக் காளையோடு ஒரு விவசாயி நின்றார். தரகர் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் அவர் விரல்களைப் பிடித்து விலை சொன்னார். பெரியவர் கையை உதறிக்கொண்டார். "தோல் விலைகூட வரவில்லையே!" என்றார். தரகர் என்ன சொன்னார் தெரியுமா? "லாரியை வழியிலே நாலு இடத்தில் நிறுத்துவான் ஐயா. அவனவனுக்குக் கொடுத்தது போக உங்களுக்கு இதுதான்."

இதுதான் உண்மை. 1958-ன் தமிழ்நாட்டு விலங்குப் பாதுகாப்புச் சட்டம் என்ன சொல்கிறது? பத்து வயதுக்கு மேற்பட்டு, வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாத மாட்டை அத்தாட்சி பெற்று அறுக்கலாம் என்கிறது. 1976-ல் வந்த சர்க்கார் உத்தரவு பசுவையும் கிடாரியையும் விலக்கிற்று. அந்த விவசாயியின் கிழட்டுக் காளை சட்டத்துக்கு உட்பட்ட சரக்கு. ஆனாலும் அது திருட்டுச் சரக்கைப்போல் இரவில் போகிறது. 2017 மே 23-ல் மத்திய சர்க்கார், அறுப்புக்கென்று சந்தையில் மாடு விற்கக் கூடாது என்றே ஒரு விதி கொண்டுவந்தது. ஒரே வாரத்தில் மதுரையிலுள்ள உயர்நீதிமன்றக் கிளை அதை நிறுத்திவைத்தது. ஜூலையில் சுப்ரீம் கோர்ட் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் விரித்தது. விதி நின்றது; பயம் நிற்கவில்லை. பயத்துக்கு உண்டான செலவை யார் தலையில் கட்டுகிறார்கள்? மாட்டை விற்கும் விவசாயியின் தலையில்.

மாட்டைத் தெய்வமாகக் கும்பிடுகிறவர்கள் இந்தக் கூட்டத்தில் உண்டு. மாட்டிறைச்சியை அன்றாட உணவாகக் கொள்ளும் உழைப்பாளிகளும் உண்டு. இருவரும் பக்கத்துப் பக்கத்துத் தறியில் உட்காருகிறார்கள். ஒருவர் இலையை மற்றவர் எட்டிப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. இது கணக்கு. கடைசி விலை கிடைத்தால்தான் விவசாயி அடுத்த கன்றை வாங்குவான். காளைக்கன்றுக்கு விலை இல்லையென்றால் நாட்டுக் காளையை எவன் வளர்ப்பான்? சந்தையை அடைப்பவர்கள் மாட்டைக் காப்பாற்றவில்லை. மாட்டினத்தின் வேரில் வெந்நீர் ஊற்றுகிறார்கள்.

பட்டும் அதே கதைதான்

பெரியவரே, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறோம். நெல்லூர் விவசாயிக்கு நேர்ந்தது உங்களுக்கு நேரவில்லையா?

கோர்வை போட்டுச் சேலை நெய்வது யார்? உடலையும் கரையையும் தனித்தனி ஊடையில் பிணைக்க, பக்கத்தில் ஒரு பிள்ளையோ மனைவியோ உட்கார்ந்து நாடா தள்ள, நாள் முழுவதும் குழிக்குள் கால் மிதிப்பது யார்? அந்தக் கைத்திறனால் "காஞ்சிபுரம்" என்ற பெயர் உலகம் முழுவதும் போயிற்று. 2005-ல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நல்லது. ஆனால் பெரிய நகரத்துக் கடையில் அந்தப் பெயருக்கு விலை சொல்லும்போது அந்த விலையில் தறிக்காரனின் பங்கு எவ்வளவு? விசைத்தறியில் ஓடிய சேலைக்கும் அதே பெயரைச் சொல்லி விற்றால் தடுக்க யார் போகிறார்கள்? புவிசார் குறியீட்டுச் சட்டத்தில் பொய்ப் பெயரிட்டு விற்பவனுக்குச் சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. 1985-ன் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டமும் இருக்கிறது. சட்டம் அலமாரியில் இருக்கிறது. சேலை கடையில் இருக்கிறது.

இனத்தின் பெயரானாலும் ஊரின் பெயரானாலும் அது தலைமுறைகளின் உழைப்பு உறைந்து நிற்கும் சொத்து. அந்தச் சொத்தின் பதிவேடு யார் கையிலோ, அவர் கைக்கே லாபம் போகும். உழைத்தவன் கையில் பதிவேடு இல்லையென்றால், பெயர் மட்டும் அவனுடையது, பலன் வேறொருவனுடையது.

வழி இல்லையா?

உண்டு. 1946-ல் குஜராத்தில் கைரா ஜில்லா விவசாயிகள் திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் பால் யூனியன் அமைத்தார்கள். அங்கிருந்து பிறந்த முத்திரைதான் அமுல். அந்த முத்திரை இன்றும் உற்பத்தியாளர் கூட்டுறவின் சொத்து. நுகர்வோர் கொடுக்கும் ரூபாயில் எண்பது பைசாவுக்குக் குறையாமல் உற்பத்தியாளருக்குப் போகிறது என்று சம்மேளனம் கூறுகிறது. நம் ஆவினும் கூட்டுறவுதான். குறைகள் நிறைய உண்டு. அவற்றுக்காக நாம் சண்டையும் போடுகிறோம். ஆனாலும் காலையில் ஊற்றிய பாலுக்கு அளவும் கணக்கும் உண்டு. கிழட்டு மாட்டுக்குத்தான் கணக்கே இல்லை. பால்வரை வந்த கூட்டுறவு, கன்றுக்கும் காளைக்கும் கடைசி விலைக்கும் வரவில்லை. இந்த இடைவெளியில்தான் தரகன் குடியிருக்கிறான்.

ஆகவே நாம் கோருவது நான்கு விஷயங்கள்.

முதலாவது, நாட்டு மாட்டினங்களின் பதிவேட்டைக் கிராமக் கூட்டுறவுச் சங்கங்களே வைத்துக்கொள்ள வேண்டும். காது வில்லை போடும் வேலை சர்க்கார் செய்யட்டும். தாய், தகப்பன், எடை, கறவை எழுதிய ஏட்டின் சொந்தக்காரர் மாடு வளர்ப்பவராக இருக்க வேண்டும். அந்த இனத்தின் பெயரில் எவர் பால் விற்றாலும் விந்து விற்றாலும் சங்கத்துக்குப் பங்கு கொடுத்துவிட்டு விற்கட்டும்.

இரண்டாவது, சட்டம் அனுமதிக்கும் மாட்டுக்கு அத்தாட்சியைச் சந்தையிலேயே, லஞ்சமில்லாமல், அன்றைக்கே கொடுக்க வேண்டும். அத்தாட்சியோடு போகும் லாரியை நிறுத்திப் பணம் பறிப்பவன்மீது வழக்குப் போட வேண்டும். சந்தையில் எடை மேடை வேண்டும். துண்டுக்குள் பேசும் விலை வெளியே வந்து பலகையில் எழுதப்பட வேண்டும்.

மூன்றாவது, நகராட்சி இறைச்சிக் கூடங்களில் தண்ணீர், வடிகால், குளிர் அறை வேண்டும். அங்கே வேலை செய்வோருக்குக் கையுறை, மருத்துவம், மாதச் சம்பளம் வேண்டும். ஏழை வாங்கித் தின்னும் கறியும் சுத்தமாக இருக்க வேண்டும்.

நான்காவது, இது நெசவாளர்களுக்கு. புவிசார் குறியீட்டுச் சட்டத்தில் "அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்" என்று உற்பத்தியாளர் யாரும் பதிவு செய்துகொள்ளலாம். கடைக்காரர் பெயர் மட்டும் அந்த ஏட்டில் இருந்தால் போதாது. குழித்தறியில் உட்காருகிறவர் பெயரும் ஏற வேண்டும். அதற்கான மனுக்களைத் தெருத் தெருவாக எழுதிக் கொடுக்க நாங்கள் தயார். படிக்கத் தெரிந்த பிள்ளைகளை அனுப்புங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதே இடத்தில் உட்கார்ந்து எழுதுவோம்.

தோழர்களே, இங்கே கைலாசநாதர் கோயிலுக்கு எதிரே வெட்டவெளியில் கல் நந்தி ஒன்று கிடக்கிறது. அதைச் செதுக்கி ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் ஆகின்றன. கோயிலைக் கட்டுவித்த ராஜாவின் பெயரைக் கல்லிலே வெட்டினார்கள். நந்தியைச் செதுக்கியவன் பெயரும், அதற்குச் சாயலாக நின்ற மாட்டை வளர்த்தவன் பெயரும் எங்கும் இல்லை. அது அந்தக் காலம். இனி எழுதும் ஏட்டிலாவது உழைத்தவன் பெயர் முதலில் வரட்டும். அந்த ஏட்டை நம் கையாலேயே எழுதத் தொடங்குவோம் என்று கூறி விடைபெறுகிறோம்.